எந்தக் கோலால் அளப்பது?



நான் எழுத்தாளனும் அல்லன், ஆலிமும் அல்லன். ஊரில் மதரஸாவில் ஓதி, தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக் கொண்டு, பதினேழாவது வயதில் அராப் ஸ்திரீட்டுத் துணிக்கடைக்கு வந்து சேர்ந்தவன். இப்போது வயது நாற்பத்தேழு. "உங்கள் வாப்பாவின் விஷயத்தை எழுதுங்கள், நம்மவர் வீடுகள் பலவற்றிலும் இன்று இதே கவலைதான்" என்று நம் சங்கச் செயலாளர் மூன்று மாதமாகச் சொல்லிக் கொண்டேயிருந்ததால் எழுதத் துணிந்தேன். சொல்லில் பிழையிருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள். கருத்தில் பிழையிருந்தால் அடுத்த இதழில் திருத்தி எழுதுங்கள்.

விஷயம் இதுதான். முதுமை மறதி நோயால் நினைவு தப்பி, பிறர் பராமரிப்பில் இருக்கும் பெரியவர் ஒருவரைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு வாழ்க்கையா?" என்று நாம் சர்வ சாதாரணமாகக் கேட்டு விடுகிறோம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தகுதியுடையவர் யார்? அவர் வாழும் வாழ்க்கையை எந்தக் கோலால் அளப்பது?

அளப்பதும் நிறுப்பதும் நமக்குத் தொழில். அளவில் மோசம் செய்பவர்களைப் பற்றித் திருமறையில் ஒரு தனி சூராவே இருக்கின்றது என்பதை வியாபாரிகளாகிய நமக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் துணியையும் அரிசியையும் சரியாக அளக்கும் நாம், நம்மைப் பெற்றவர்களின் வாழ்வை அளக்கும்போது நேர்மையான கோலைத்தான் கையில் எடுக்கிறோமா? சென்ற ஆண்டு நான் எடுத்த கோல் நேர்மையானதாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கடையும் கஜக்கோலும்

வாப்பா 1944ல் நாகூரில் பிறந்தவர். 1956ல், பன்னிரண்டாவது வயதில், பாட்டனாரோடு நாகப்பட்டினத்தில் 'ராஜூலா' கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தார். அராப் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடையில் கூட்டிப் பெருக்கும் பையனாகச் சேர்ந்து, கணக்கு எழுதப் பழகி, இருபது வருஷத்துக்குப் பிறகு சொந்தக் கடை வைத்தார். உம்மாவும் பிள்ளைகளும் ஊரில். எனக்குப் பதினேழு வயதாகும் வரை நான் வாப்பாவைக் கண்ணால் கண்டது ஐந்தாறு தடவைக்கு மேல் இராது. மற்ற நேரமெல்லாம் அவர் எங்களுக்குக் கடிதம்; மாதா மாதம் வரும் பணம்; பெருநாளுக்கு வரும் துணி மூட்டை. நம் சமுதாயத்தில் இப்படித் தகப்பனாரை அறிந்தவர்கள் என் வயதுக்காரர்களில் ஏராளம்.

கடையில் அவரிடம் ஒரு கஜக்கோல் இருந்தது. இரு முனையிலும் பித்தளைப் பூண் போட்ட மரக்கோல். 1970களில் சிங்கப்பூர் மெட்ரிக் அளவுக்கு மாறியபோது, கஜக்கோல் போய் மீட்டர் கோல் வந்தது. நூறு கஜம் என்று சீட்டு ஒட்டிய துணிச் சுருளை மீட்டர் கோலால் அளந்தால் தொண்ணூற்றொன்றரைகூட வராது. துணி குறைந்து விட்டதென்று சில வாடிக்கைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்களாம். வாப்பா சிரித்துக் கொண்டே சொல்வாராம்: "துணி குறையலே தம்பி, கோல்தான் மாறிப்போச்சு." இந்தக் கதையை அவர் நூறு தடவையாவது என்னிடம் சொல்லியிருப்பார். அதன் பொருள் என் தலையில் ஏறியது சென்ற ஆண்டுதான்.

நோய் வந்த விதம்

2017 வாக்கில் கல்லாவில் சில்லறை தவறத் தொடங்கியது. ஐம்பது வெள்ளி நோட்டு வாங்கிக் கொண்டு நூறு வெள்ளிக்கு மீதி கொடுத்தார். பிறகு, "கல்லாவில் கை வைக்கிறான்" என்று இருபது வருஷம் எங்களிடம் வேலை பார்த்த ஒருவர்மீது பழி சொன்னார். அந்த மனிதர் அழுது கொண்டே போய் விட்டார். அது நோயின் வேலை என்று தெரிந்து, அவர் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்கும்போது ஒன்றரை வருஷம் கடந்து விட்டது. 2019ல் டாக்டர்கள் பெயர் சொன்னார்கள்: முதுமை மறதி, அல்ஸைமர் வகை.

இது ஏதோ எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த சோதனை அன்று. மனநலக் கழகம் 2015ல் வெளியிட்ட ஆய்வில், சிங்கப்பூரில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டார்கள். 2023ல் மறுபடியும் எடுத்த கணக்கில் அது நூற்றுக்கு 8.8 ஆக இருந்தது. மலேசியாவில் 2018ல் நடந்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 8.5. ஆகவே, வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் நம் அருகே அமர்ந்திருக்கும் பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். இது யார் வீட்டு விஷயம் என்று புரியும்.

மூன்று வருஷம் வீட்டில் வைத்துப் பார்த்தோம். உண்மையைச் சொன்னால், பார்த்தவள் என் மனைவி. இரவு மூன்று மணிக்குக் கடை திறக்க வேண்டுமென்று கிளம்புவார். ஒரு நாள் போலீஸ்காரர்கள் பீச் ரோட்டிலிருந்து அழைத்து வந்தார்கள். ஒரு நாள் அடுப்பில் வாயுவைத் திறந்து விட்டுப் பற்ற வைக்க மறந்து போனார். என் மனைவிக்கு முதுகெலும்பில் கோளாறு வந்து, அவரைத் தூக்கி உட்கார வைக்க முடியாமல் போனது. 2022ல் வாப்பாவைத் தாதிமை இல்லத்தில் சேர்த்தோம்.

அன்றிலிருந்து பள்ளிவாசல் வாசலில் சிலர் முகம் திருப்பிக் கொண்டதையும், ஊரிலிருந்து நானா தொலைபேசியில் "வாப்பாவை ஹோமில் போட்டுட்டியா?" என்று கேட்டதையும் இங்கே விரித்து எழுதப் போவதில்லை. பெற்றோர் முதுமையை அடையும்போது அவர்களிடம் சடைப்பின் சிறு சொல்லைக்கூடச் சொல்லலாகாது என்று சிறு வயதிலேயே ஓதியவர்கள் நாம். அந்தச் சுமை என் நெஞ்சில் இன்றும் இருக்கிறது. ஆனால் சேர்க்கலாமா கூடாதா என்பதைவிடக் கடினமான கேள்வி ஒன்று சேர்த்த பிறகுதான் வந்தது.

நான் சொன்ன பதில்

சென்ற ஆண்டு வாப்பாவுக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. விழுங்க முடியவில்லை. மருத்துவமனையில் டாக்டர் எங்களைத் தனி அறைக்கு அழைத்தார். மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுப்பதா, நிலைமை மோசமானால் தீவிர சிகிச்சைக்கு மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. மிகுந்த பணிவோடு கேட்டார்: "காய்ச்சலுக்கு முன்னால் இவருடைய வாழ்க்கைத் தரம் எப்படியிருந்தது என்று நினைக்கிறீர்கள்?"

நான் யோசிக்கவே இல்லை. "டாக்டர், அது ஒரு வாழ்க்கையே இல்லை. வெறும் உடம்புதான் இருக்கிறது" என்றேன்.

பக்கத்தில் லாத்தா உட்கார்ந்திருந்தார். இங்கேயே வாழ்க்கைப்பட்டவர், வாரத்தில் நான்கு நாள் இல்லத்துக்குப் போய் வாப்பாவுக்குச் சோறு ஊட்டி விட்டு வருபவர். டாக்டர் முன்னால் என்னை மறுத்துப் பேசவில்லை. வெளியே வந்து மின்தூக்கிக்குக் காத்து நிற்கும்போது சொன்னார்: "தம்பி, நீ வாரத்துக்கு ஒரு தடவை வந்து பத்து நிமிஷம் நிக்கிறே. நீ இருக்கிற வாப்பாவைப் பார்க்க வரலே. காணாமப் போன வாப்பாவைத் தேட வர்றே. அவங்க அங்கே இல்லேன்னதும் திரும்பிப் போயிடுறே."

எனக்குக் கோபம் வந்தது. பதில் வரவில்லை.

பிறகு அந்த டாக்டரே விளக்கினார். நோய் முற்றியவர்களுக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பது ஆயுளைக் கூட்டுவதாகவோ, சளிக் காய்ச்சலைத் தடுப்பதாகவோ சான்றில்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல் என்று அமெரிக்க முதியோர் மருத்துவர் சங்கமும் 2014ல் அறிவித்திருக்கின்றது என்றார். நாங்கள் கையால் ஊட்டுவதையே தேர்ந்தெடுத்தோம். வாப்பா பிழைத்து இல்லத்துக்குத் திரும்பினார். அல்ஹம்து லில்லாஹ்.

ஆகவே முடிவு சரியாகத்தான் அமைந்தது. ஆனால் நான் சொன்ன காரணம் சரியா? பொய்க் கோலால் அளந்து, தற்செயலாகச் சரியான அளவு வந்து விட்டால், அளந்தவன் யோக்கியன் ஆகி விடுவானா?

படித்தவர்கள் கண்டது

என் மூத்த மகள் தாதிமைப் படிப்புப் படிக்கிறாள். என் மனக் கஷ்டத்தைக் கண்டு, அவள் படிப்பில் வந்த சில விஷயங்களைத் தமிழில் எடுத்துச் சொன்னாள். எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

1999ல் அமெரிக்காவில் ரெபெக்கா லாக்ஸ்டன் என்னும் அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும், மறதி நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஒரு கேள்விப் பட்டியலை வெளியிட்டார்கள். கேள்விகள் பதின்மூன்று. உடல்நலம், தெம்பு, மனநிலை, இருக்கும் இடம், நினைவு, குடும்பம், நட்பு, பணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண். மொத்தம் ஐம்பத்திரண்டு. அதில் சிறப்பு என்னவென்றால், அதே கேள்விகளை நோயாளியிடமும் கேட்பார்கள்; அவரைப் பார்த்துக் கொள்ளும் உறவினரிடமும் கேட்பார்கள்.

பல நாடுகளில் பலர் இதைக் கேட்டுப் பார்த்ததில் பொதுவாகக் கண்ட விஷயம் ஒன்று. உறவினர் கொடுக்கும் மதிப்பு, நோயாளி தமக்குத் தாமே கொடுக்கும் மதிப்பைவிடக் குறைவாகவே வருகின்றது. அது மட்டுமன்று. உறவினர் எவ்வளவு களைத்துப் போயிருக்கிறாரோ, எவ்வளவு மனம் சோர்ந்திருக்கிறாரோ, அவ்வளவுக்கு அவர் கொடுக்கும் மதிப்பு இன்னும் இறங்குகின்றது. நோயாளி தமக்குக் கொடுக்கும் மதிப்போ, அவருக்கு எவ்வளவு நினைவு போயிற்று என்பதைவிட, அவர் மனம் எப்படியிருக்கிறது என்பதையே பெரிதும் ஒட்டியிருக்கின்றது.

இதைக் கேட்டதும் எனக்கு அந்தக் கஜக்கோல் ஞாபகம்தான் வந்தது. துணி குறையவில்லை, கோல் மாறிப் போயிருக்கிறது.

ஏன் குறைத்து அளக்கிறோம்?

நான் என்னையே கேட்டுப் பார்த்தேன். மூன்று காரணம் தெரிந்தது.

முதலாவது, நாம் அளப்பது அவருடைய இன்றைய நாளை அன்று. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை. இருபது வருஷக் கடன் பாக்கியை ஏடு புரட்டாமல் சொன்ன மனிதர், இன்று என் பெயரைச் சொல்ல மாட்டார். அந்த நஷ்டம் பொய்யன்று. ஆனால் அந்த நஷ்டக் கணக்கு என் ஏட்டில் இருக்கிறது; அவர் ஏட்டில் இல்லை. வெயில் முகத்தில் படும்போது அவர் கண்ணை மூடிச் சிரிக்கிறார். தேத்தண்ணீரில் சீனி கூடியிருந்தால் மகிழ்கிறார். "நேற்று நான் எப்படியிருந்தேன்" என்ற ஒப்பீடு நமக்கு மட்டுமே.

இரண்டாவது, நம் களைப்பு. வாப்பா வீட்டில் இருந்த கடைசி ஆண்டில் என் மனைவியிடம் யாராவது கேட்டிருந்தால், "அவருக்கு எதுவுமே நல்லதில்லை" என்றுதான் சொல்லியிருப்பாள். ஏனெனில் அவளுக்கு எதுவுமே நல்லதில்லை. தூக்கமில்லாதவன் கையில் தராசு ஆடத்தான் செய்யும்.

மூன்றாவது, நம் வெட்கம். இதைச் சொல்லக் கூசுகிறது. ஆனாலும் சொல்ல வேண்டும். "அவருக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிக் கொண்டால், நான் போகாத நாட்களும் அவருக்குத் தெரியாது என்று ஆகி விடுகின்றதல்லவா? "அது ஒரு வாழ்க்கையே இல்லை" என்று டாக்டரிடம் நான் சொன்னபோது, வாப்பாவின் துன்பத்தைப் போக்க மட்டும் சொன்னேனா, என் துன்பத்தையும் சேர்த்துப் போக்கச் சொன்னேனா? இன்று வரை எனக்கு நிச்சயமில்லை.

எதிர் வாதங்கள்

"நோயாளிக்குப் புத்தியே சரியில்லை, அவர் 'நன்றாயிருக்கிறேன்' என்றால் அதை எப்படிக் கணக்கில் எடுப்பது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வரவு செலவு பற்றி அவர் சொன்னால் எடுக்கக் கூடாதுதான். ஆனால் "எனக்கு வலிக்கிறது", "எனக்குக் குளிர்கிறது", "எனக்கு இது பிடித்திருக்கிறது" என்பதற்குப் புத்தி எதற்கு? கைக்குழந்தை பசிக்கு அழும்போது, "இதற்குப் புத்தியில்லை, இதன் பசி பொய்" என்று எந்தத் தாயும் சொல்வதில்லை. நன்மை தீமையை ஆராயும் சக்தி போகலாம். இன்பமும் துன்பமும் போவதில்லை.

"வாப்பாவே முன்பு சொல்லியிருக்கிறாரே?" என்பது நானாவின் வாதம். உண்மைதான். பல வருஷத்துக்கு முன், படுக்கையில் கிடந்த தம் சிநேகிதர் ஒருவரைப் பார்த்து விட்டு வந்து, "இந்த நிலை எனக்கு வருமுன் அல்லாஹ் என்னைக் கூப்பிட்டுக்கட்டும்" என்றார். அமெரிக்கச் சட்ட அறிஞர் ரொனால்ட் டுவோர்க்கின் 1993ல் எழுதிய ஒரு நூலில், தெளிவோடு இருந்தபோது ஒருவர் தம் வாழ்வைப் பற்றிக் கொண்டிருந்த விருப்பமே பின்னால் வரும் நிலைக்கும் மேலானது என்று வாதித்தாராம். ரெபெக்கா டிரெஸ்ஸர் என்னும் அம்மையார் 1995ல் அதை மறுத்து, இன்று கண் முன்னால் இருக்கும் நோயாளியின் நலனை அன்றைய சொல்லுக்காகத் தள்ளி விடக் கூடாது என்று எழுதினாராம். பெரிய அறிஞர்கள் தீர்க்காத வழக்கைத் துணிக்கடைக்காரன் தீர்க்க முடியாது. ஆனாலும் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வாப்பா அன்று கேட்டது ஒரு துஆ. துஆவைக் கேட்டவன் பதிலை அவனிடம் விட்டு விடுகிறான். அது எனக்கு எழுதிக் கொடுத்த உத்தரவு அன்று. மேலும், அன்று அவர் பார்த்தது சிநேகிதரின் வெளித் தோற்றத்தை. அவரும் நம்மைப் போலத் தம் கோலால் அளந்து விட்டு வந்தவர்தாமே! அவர் பயந்த வலி இன்று இருக்கிறதா, அவர் பயந்த மானக் குறைவு நேர்கிறதா என்று பார்த்து, அவற்றைத் தடுப்பதுதான் அந்தச் சொல்லுக்கு நான் செய்யும் மரியாதை.

"தொழுகையும் இல்லாமல் போன பிறகு என்ன வாழ்வு?" என்பது எங்கள் எல்லோரையும் அதிகம் வாட்டியது. எழுபது வயது வரை ஜமாஅத் தவறாதவர். இப்போது கிப்லா எந்தப் பக்கம் என்றே தெரியாது. ஓர் ஆலிம் பெருந்தகையிடம் கேட்டேன். அறிவு தவறியவர்மீது கடமை இல்லை. அவர்மீது எழுதும் பேனா உயர்த்தப்பட்டு விட்டது என்று விளக்கினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக் கொண்டு வந்தேன். வாப்பாவின் ஏட்டில் எழுதுவது நின்று விட்டது. என் ஏட்டில் எழுதிக் கொண்டிருக்கிறார்கள். இனி இந்த விஷயத்தில் கணக்குக் கேட்கப்படுபவன் நான்.

இதனால் இந்நோய் ஒரு பாக்கியம் என்று நான் சொல்வதாக யாரும் நினைத்து விடக் கூடாது. அறிந்த பின் ஒன்றும் அறியாத நிலைக்குத் திருப்பப்படும் முதுமையைத் திருமறை இரண்டு இடங்களில் குறிப்பிடுகின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அத்தகைய முதுமையை விட்டுப் பாதுகாவல் தேடியதாக ஹதீஸும் உண்டு. கஷ்டம் கஷ்டந்தான். மாலை வேளைகளில் வாப்பா காரணமில்லாமல் அழுததும் உண்டு. தாதியின் கையைக் கடித்ததும் உண்டு. அந்த நாட்களையும் அளவில் சேர்க்க வேண்டும். கெட்ட நாளை மறைத்து "சந்தோஷமாக இருக்கிறார்" என்று கூட்டிச் சொல்வதும் அளவு மோசடிதான். "அவர் சந்தோஷமாக இருக்கிறார், நான் போகாவிட்டால் என்ன?" என்று முடிப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள்.

சரியாக அளப்பது எப்படி?

இங்கிலாந்தில் பிராட்போர்டு பல்கலைக்கழகத்தில் டாம் கிட்வுட் என்று ஓர் அறிஞர் இருந்தார், 1998ல் காலமானார். மறதி நோயாளியை அவருடைய மூளையில் உள்ள கோளாறு மட்டுமன்றி, சுற்றியிருப்பவர்கள் நடத்தும் விதமும் சேர்ந்து கெடுக்கின்றது என்று அவர் எடுத்துக் காட்டினார். அவரிடம் பேசாமல் அவருக்கு மேலாகப் பேசுவது, அவசரப்படுத்துவது, குழந்தை போல ஏமாற்றுவது, ஒதுக்கி வைப்பது ஆகிய இவையெல்லாம் மனிதரைச் சிறிது சிறிதாகப் பொருளாக்கி விடுகின்றன என்றார். அவரும் கூட்டாளிகளும் வகுத்த முறையில், பயிற்சி பெற்ற ஒருவர் இல்லத்தின் பொது அறையில் மணிக்கணக்கில் அமர்ந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நோயாளி என்ன செய்கிறார், முகம் எப்படியிருக்கிறது என்று குறித்துக் கொண்டே வருவார். ஆண்டு முடிவில் நாம் கடையில் சரக்கு எடுக்கிறோமே, அதைப் போல. ஊகத்துக்கு இடமில்லை, கண்டதை எழுத வேண்டும்.

மகள் இதைச் சொன்ன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகாமல் இல்லத்தில் போய்க் காலையிலிருந்து அஸர் வரை உட்கார்ந்தேன். பேசவில்லை, கேள்வி கேட்கவில்லை, "நான் யார் சொல்லுங்கள்" என்று பரீட்சை வைக்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். பதினொரு மணிக்குப் பக்கத்துக் கட்டில் சீனப் பெரியவர் ஆரஞ்சுச் சுளை ஒன்று நீட்டினார். வாப்பா வாங்கிக் கொண்டார். இருவருக்கும் பொதுவான பாஷை ஒன்றுமில்லை. பதினொன்றரைக்கு ஒரு தாதி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தோளைத் தொட்டார், முகம் மலர்ந்தது. பன்னிரண்டு மணிக்கு வேறொருவர் ஒன்றும் சொல்லாமல் சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து திருப்பினார், பயந்து போனார். ஒரு மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

இரண்டரை வருஷம் போய் வந்தும் தெரியாதது ஒரு நாளில் தெரிந்தது. வாப்பாவின் வாழ்வில் நன்மையும் இருந்தது, குறையும் இருந்தது. குறைகளில் பல மறதியால் வந்தவை அல்ல. பின்னாலிருந்து நாற்காலியைத் திருப்பாதீர்கள் என்று தாதியரிடம் கேட்டுக் கொண்டோம். உடனே ஒப்புக் கொண்டார்கள். பகல் ஒரு மணிக்கு மேல் பேச ஆளில்லை என்பதற்கு மருந்து மருத்துவமனையில் இல்லை. அது எங்கள் குடும்பத்தின் கையில் இருந்தது. இப்போது கிழமை பிரித்துக் கொண்டு போகிறோம்.

சிங்கப்பூரில் 1995ல் நிறைவேறிய பெற்றோர் பராமரிப்புச் சட்டம், தம்மைத் தாமே காப்பாற்றிக் கொள்ள முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்க வழி செய்கின்றது. நல்ல சட்டம். ஆனால் பகல் ஒரு மணிக்கு மேல் வந்து பக்கத்தில் உட்கார் என்று எந்தச் சட்டமும் சொல்ல முடியாது.

வியாபாரிகளுக்கு இன்னொரு வார்த்தை. புத்தி தெளிவாக இருக்கும்போதே, பின்னால் தம் சார்பில் முடிவு செய்பவர் யார் என்பதற்கு எல்பிஏ என்னும் அதிகாரப் பத்திரம் எழுதி வைக்க இங்கே சட்டத்தில் இடமிருக்கிறது. கடைப் பங்குக்குப் பத்திரம் எழுதும் நாம் இதற்கு எழுதுவதில்லை. எழுதும்போது "குழாய் வேண்டும், வேண்டாம்" என்பதோடு நிற்காமல், தேத்தண்ணீரில் எத்தனை கரண்டி சீனி, எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவோம், எதற்குப் பயப்படுவோம் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். ஒரு நாள் அதுதான் நம் வாழ்க்கைத் தரமாக இருக்கும்.

இரண்டு விரற்கடை

கடைசியாக ஒன்று. போன மாதம் நான் போயிருந்தபோது வாப்பா கட்டில் விரிப்பை இழுத்து வைத்துக் கொண்டு, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை முழம் போட்டுக் கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்து, "வாங்க தம்பி. எத்தனை கஜம்?" என்றார்.

முன்பாக இருந்தால், "வாப்பா, நான் உங்கள் மகன்" என்று திருத்தியிருப்பேன். அவர் குழம்பியிருப்பார், நான் அழுது கொண்டு வெளியே வந்திருப்பேன். அன்று "மூணு கஜம் போடுங்க முதலாளி" என்றேன்.

நிதானமாக அளந்தார். ஒவ்வொரு முழத்துக்கும் உதடு அசைந்தது. ஆறு முழம் வந்ததும் நிறுத்தவில்லை. அறுபது வருஷமாகக் கடையில் செய்த மாதிரியே, இன்னும் இரண்டு விரற்கடை தள்ளி விரலை வைத்து, "இது உங்களுக்கு" என்றார்.

தம் பெயரையே மறந்த மனிதர் கூட்டிக் கொடுக்க மறக்கவில்லை. அவருக்குக் குறைத்து அளந்தவன் நான். வாங்கும்போது நிறைவாக வாங்கிக் கொண்டு, கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கும் கூட்டத்தில் நம்மை ஆக்கி விடாமல் அல்லாஹ் காப்பானாக! நம் வீடுகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் இருக்கும் பெரியவர்களுக்கு இலேசான நாட்களையும், அவர்களைப் பார்த்துக் கொள்பவர்களுக்கு உடல் தெம்பையும் மனத் தெம்பையும் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.